சென்னை – டொராண்டோ: எந்த ஊர் வழியாகப் போவது?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு இடையில் இறங்காமல் போகும் விமானம் கிடையாது. டிக்கெட் தேடும்போது டெல்லி, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், துபாய், தோஹா, ஹாங்காங் என்று பல வழிகள் திரையில் வந்து நிற்கும். பலரும் கட்டணத்தையும் மொத்த மணிக்கணக்கையும் மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த மொத்தக் கணக்குக்குள் பறப்பது எவ்வளவு, காத்திருப்பது எவ்வளவு, அந்தக் காத்திருப்பு எந்த ஊரில், இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா என்பவைதான் பயணம் நல்லபடியாக முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. கிலோமீட்டருக்கு இதில் நாம் நினைப்பதைவிடச் சின்னப் பங்குதான்.

முதலில் தூரத்தையே பார்த்துவிடலாம். உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 13,400 கி.மீ. வரும். சென்னை ஏறத்தாழ 80 பாகை கிழக்கில் இருக்கிறது, டொராண்டோ ஏறத்தாழ 80 பாகை மேற்கில். அதனால் அந்த நூல் அரபிக்கடல், ஐரோப்பா என்று மேற்கே சாய்ந்து போவதில்லை. கிட்டத்தட்ட நேர் வடக்கே ஏறி, ராஜஸ்தான், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் பகுதி, வெண்கடல் தாண்டி, கிரீன்லாந்தின் மேல் வளைந்து, கியூபெக் வழியாக டொராண்டோவுக்கு இறங்குகிறது. உச்சத்தில் 73 பாகை வடக்கையும் கடந்துவிடுகிறது.

இன்றைய விமானங்களுக்கு இது எட்டாத தூரம் அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கி.மீ. நிற்காமல் பறக்கிறார்கள். சென்னையில் குறைவது தினமும் ஒரு பெரிய விமானத்தை, அதுவும் அதன் விலை கூடிய இருக்கைகளை, நிரப்பும் அளவு கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பல ஊர்களிலிருந்து திரட்டித் தருவதுதான் டெல்லி, துபாய், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற நிலையங்களின் வேலை.

இப்போது ஒவ்வொரு வழியும் இந்த 13,400 கி.மீ.க்கு மேல் எவ்வளவு கூட்டுகிறது என்று பாருங்கள். டெல்லி வழி: சென்னை–டெல்லி சுமார் 1,760, டெல்லி–டொராண்டோ சுமார் 11,650, மொத்தம் 13,410. டெல்லி ஏறத்தாழ நேர்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. லண்டன் வழி 8,230 + 5,700 = 13,930. ஃபிராங்க்ஃபர்ட் வழி 7,590 + 6,340 = 13,930. துபாய் வழி 2,930 + 11,080 = 14,010. தோஹா வழி 3,290 + 10,880 = 14,170. ஹாங்காங் வழி 3,710 + 12,570 = 16,280.

ஆக, டெல்லிக்கும் தோஹாவுக்கும் இடையே உள்ள வித்தியாசமே 760 கி.மீ.தான். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும்போது அது ஒரு மணி நேரம்கூட ஆகாது. இடைநிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருப்பதா, ஏழு மணி நேரம் காத்திருப்பதா என்ற கேள்வி இதைவிட நான்கு மடங்கு பெரியது. ஹாங்காங் மட்டும்தான் தூரத்தாலேயே விலகிப்போகிறது. கிட்டத்தட்ட 2,900 கி.மீ. சுற்று, கூடுதலாக மூன்று மணி நேரப் பறப்பு. கட்டணம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தாலொழிய அதை எடுக்கக் காரணம் இல்லை.

பறக்கும் நேரத்தை நீங்களே கணக்கிட

கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரத்தில் மேற்கே போவதானால் இன்னும் அரை மணி முதல் ஒரு மணி வரை கூட்டுங்கள். துபாய்–டொராண்டோ: 11,080 ÷ 850 = 13 மணி, அரை மணி சேர்த்தால் 13½, எதிர்காற்றுக்கு அரை மணி சேர்த்தால் 14. உண்மையான நேரமும் 14 மணியை ஒட்டித்தான் இருக்கும். லண்டன்–டொராண்டோ இதே கணக்கில் எட்டு மணிக்குச் சற்றுக் குறைவாக வரும். திரும்பும்போது அதே அட்லாண்டிக்கை ஏழு மணி நேரத்துக்குள் தாண்டிவிடுவதும் உண்டு. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்று குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். போகும்போது அது எதிரே வரும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும்.

நேர வித்தியாசத்தில் தடுமாறுபவர்கள் நிறையப் பேர். மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை டொராண்டோ நமக்கு 9½ மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் 10½ மணி நேரம். ஜூலையில் காலை 5.30க்குச் சென்னையில் கிளம்பி, அதே நாள் மாலை 5 மணிக்கு டொராண்டோவில் இறங்குவதாக டிக்கெட் சொன்னால், அது 11½ மணி நேரப் பயணம் அல்ல. 9½ஐக் கூட்டினால் 21 மணி நேரம்.

டெல்லி: காகிதத்தில் குறுக்குவழி

டெல்லியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் அந்த நேர்கோடு பாகிஸ்தான், ரஷ்யா இரண்டின் வான்வெளியையும் நம்பியிருக்கிறது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. அதன்பின் அந்தத் தடை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு வந்தது. அதனால் ஏர் இந்தியா விமானங்கள் முதலில் தெற்கும் மேற்குமாகச் சுற்றிவிட்டுத்தான் வடக்கே திரும்ப முடிந்தது. வட அமெரிக்கப் பயணங்களில் சில, எரிபொருள் நிரப்ப வியன்னா போன்ற ஊரில் இறங்கி ஏறவும் நேர்ந்தது. ஏர் கனடாவுக்குப் பாகிஸ்தான் தடை இல்லை. ஆனால் 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து ரஷ்ய வான்வெளி அதற்கு மூடப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு இந்தக் கதவு அடைப்பு, இன்னொருவருக்கு அந்தக் கதவு. டெல்லி–டொராண்டோ 11,650 கி.மீ. என்பதை வைத்து 14½ மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். உங்கள் தேதிக்கு ஓரிரு வாரம் முன்பாக அதே எண்ணுள்ள விமானம் உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதை விமானத் தடம் காட்டும் தளங்களில் பாருங்கள். அட்டவணையில் போட்டிருப்பதைவிட அது நம்பகமானது.

நீண்ட சுற்றுக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. எரிபொருள் எவ்வளவு ஏற்றுகிறார்களோ அந்த அளவுக்கு மற்ற சுமைக்கு இடம் குறையும். எதிர்காற்று கடுமையாக இருக்கும் நாளில் சரக்கைக் குறைப்பார்கள். போதாவிட்டால் சில பயணிகளின் பெட்டிகளே அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படும். ஒரு நாளுக்கான மாத்திரைகளும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருந்தால் இது பெரிய தொல்லையாகாது.

இருந்தும் டெல்லி வழிக்கு ஒரு பலம் இருக்கிறது: இடையில் விமானம் மாறுவதற்கென்று கேட்கப்படும் வெளிநாட்டு ட்ரான்சிட் விசாக் கேள்வியே எழாது. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டியைச் சென்னையிலேயே டொராண்டோ வரைக்கும் போட்டுவிடலாம். இமிக்ரேஷன் முத்திரை டெல்லியில். சென்னையில் பெட்டியில் ஒட்டும் சீட்டின் கடைசி ஊர்க்குறியீடு டொராண்டோவுக்கான ஒய்-ஒய்-இசட் என்று இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். டெல்லியின் குறியீடு மட்டும் இருந்தால் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். திரும்பும்போது கதை வேறு. இந்தியாவுக்குள் முதலில் இறங்கும் ஊர் டெல்லி என்பதால் பொதுவாக அங்கேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைக் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இதற்கு மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லி மூடுபனி சேர்ந்துகொள்ளும் என்பதால் நான்கு மணி நேரம் வைத்தாலும் தவறில்லை. கோவையிலிருந்து டெல்லிக்கு நேரடி விமானம் இருப்பதால், கொங்குப் பகுதியினர் சென்னைக்கு வராமலே இந்த வழியில் போகலாம்.

லண்டனும் ஃபிராங்க்ஃபர்ட்டும்

இந்த இரண்டிலும் பயணம் ஏறக்குறையச் சமமாகப் பிரிகிறது. சென்னையிலிருந்து பத்து முதல் பதினொரு மணி நேரம், பிறகு கால் நீட்டி நடக்க ஒரு இடைவெளி, பிறகு எட்டு மணி நேரத்தை ஒட்டி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கால்வீக்கம் வருபவர்களுக்கும் 3 + 15 என்று பிரிவதைவிட 10 + 8 என்று பிரிவது எவ்வளவோ மேல். பதினைந்து மணி நேரம் மடங்கிய கால்களோடு உட்கார்ந்திருப்பதுதான் காலில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது.

லண்டனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரும்பாலும் டெர்மினல் 5இல் இறங்குகிறது. அடுத்ததும் பிரிட்டிஷ் ஏர்வேஸ், அதே டெர்மினலில் என்றால் இரண்டு மணி நேர இடைவெளி போதும். அடுத்தது ஏர் கனடா என்றால் அது டெர்மினல் 2. ஊதா நிறப் பலகைகளைப் பின்தொடர்ந்து, விமான நிலையத்தின் உள்பேருந்தில் போய், மறுபடி பாதுகாப்புச் சோதனையில் நிற்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம் வேண்டும். அதோடு இந்த இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு விமான நிறுவனக் கூட்டணியைச் சேர்ந்தவை. தளம் ஒன்று மலிவாகச் சேர்த்துக் காட்டும் இந்த ஜோடி, உள்ளே பார்த்தால் பெரும்பாலும் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாகத்தான் இருக்கும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சாவும் ஏர் கனடாவும் ஒரே கூட்டணி, ஒரே டெர்மினல் 1. சென்னையும் டொராண்டோவும் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பு) வெளியே இருப்பதால் நடுவில் பாஸ்போர்ட் சோதனை கிடையாது, பாதுகாப்புச் சோதனை மட்டும்தான். ஒன்றே முக்கால் மணி நேர இடைவெளியே நடைமுறையில் போதுமானது. ஆனால் நடை அதிகம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் காத்திருக்கவே பாதி நேரம் போய்விடும்.

விசா விஷயத்தில் தவறு நடப்பது இந்த இரண்டு ஊர்களில்தான். செல்லுபடியாகும் கனடா விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருந்தாலோ, கனடா நிரந்தர வசிப்பு அட்டை இருந்தாலோ, இந்திய பாஸ்போர்ட்காரர் விமான நிலையத்துக்கு உள்ளேயே இருந்து மாறிச் செல்ல லண்டனிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ தனி ட்ரான்சிட் விசா தேவையில்லை. சிக்கல் மூன்று இடத்தில் முளைக்கும். முதலாவது, கல்வி அனுமதி உயிரோடு இருக்கிறது, ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா காலாவதியாகிவிட்டது என்ற நிலையில் ஊருக்கு வரும் மாணவர். கல்வி அனுமதித் தாள் விசா ஆகாது. லண்டனின் விலக்குக்கு விசா அன்றைக்குச் செல்லுபடியாக வேண்டும். இல்லாவிட்டால் டொராண்டோ செக்-இன் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு டெல்லி அல்லது வளைகுடா வழிதான் பாதுகாப்பானது. இரண்டாவது, சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–மியூனிக்–டொராண்டோ மாதிரி இரண்டு ஐரோப்பிய ஊர்களில் மாறும் டிக்கெட். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மியூனிக் போவது ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்கு. அதற்குக் கனடா விசா உதவாது, ஷெங்கன் விசாவே வேண்டும். மூன்றாவது, தனித்தனி டிக்கெட். பெட்டியை எடுக்க வெளியே வந்தாக வேண்டும், அங்கே பொருந்துவது உள்ளேயே மாறுபவருக்கான விதி அல்ல.

இதே காரணத்தால் அமெரிக்க நகரம் வழியாக வரும் மலிவு டிக்கெட்டையும், அமெரிக்க விசா இல்லாதவர்கள் பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம். அங்கே வெளியே வராமல் மாறிச் செல்லும் ஏற்பாடே இல்லை. எல்லோரும் இமிக்ரேஷனைக் கடந்தே ஆக வேண்டும்.

துபாய், தோஹா

சென்னையிலிருந்து நாலேகால் மணி நேரத்தில் துபாய், அங்கிருந்து பதினான்கு மணி நேரம். எமிரேட்ஸ் டொராண்டோவுக்கு ஏ380 என்ற இரண்டடுக்குப் பெரிய விமானத்தை ஓட்டுகிறது. மாலையில் அல்லது இரவில் சென்னையில் கிளம்பி, நள்ளிரவுக்குப் பின் துபாயில் மாறி, டொராண்டோவில் காலையில் இறங்கும் அமைப்பு வழக்கமானது. கத்தார் ஏர்வேஸ் தோஹா–டொராண்டோ சேவையை 2024 டிசம்பரில்தான் தொடங்கியது. அது தினசரிச் சேவையாகத் தொடங்கவில்லை என்பதால் உங்கள் கிழமைக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத நாளில் தளம் உங்களை தோஹா–மாண்ட்ரியல்–டொராண்டோ என்று அனுப்பும். அப்போது கனடாவின் இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும் மாண்ட்ரியலிலேயே முடிந்துவிடும், பெட்டிக்கான நடைமுறையையும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு வளைகுடா வழி பொருந்துகிறது. மாறுவதற்கான கூட்டமும் குழப்பமும் முன்னாலேயே முடிந்துவிடும். ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்கு டொராண்டோவில் இறங்கினால் அன்று பகல் முழுக்க விழித்திருக்க வேண்டும். உடம்புக்கு அது நம்மூர் மாலை. தூங்கிவிட்டால் அந்த வாரமே இரவு பகல் மாறிவிடும். லண்டன் வழியில் அதிகாலை கிளம்புபவர்கள் பிற்பகலிலோ மாலையிலோ இறங்கி, சாப்பிட்டு, ஊரோடு சேர்ந்து தூங்கிவிடலாம். அதில் ஒரே குறை, வேலை நாள் மாலையில் டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்திலிருந்து ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் போகும் 401 நெடுஞ்சாலை நெரிசல். அழைத்துப்போக வருபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். நகர மையத்துக்குப் போகிறவர்கள் யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடத்தில் யூனியன் நிலையம் சேர்ந்துவிடலாம்.

நிச்சயம் என்று எந்த நிலையத்தையும் சொல்ல முடியாது. 2024 ஏப்ரல் 16 பெருமழையில் துபாய் நிலையம் நாள்கணக்கில் தள்ளாடியது. 2025 மார்ச் 21இல் ஒரு துணைமின் நிலையத் தீயால் லண்டனின் ஹீத்ரோ நிலையம் மூடப்பட்டது. 2025 ஜூன் 23 இரவு கத்தார் வான்வெளி சில மணி நேரம் அடைக்கப்பட்டது. நம் சென்னையே 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும் மூடிக் கிடந்தது. கேட்க வேண்டியது, தடங்கல் வந்தால் யார் பொறுப்பு என்பதைத்தான்.

அதனால்தான் ஒரே டிக்கெட்

சென்னையிலிருந்து டொராண்டோ வரை ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டும். மிச்சம் பிடித்த பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் அந்த ஒரு இரவில் காணாமல் போய்விடும்.

கனடாவின் பயணி பாதுகாப்பு விதிகளும் கனடாவுக்கு வரும், கனடாவிலிருந்து போகும் பயணங்களுக்குப் பொருந்தும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள, பாதுகாப்புக் காரணமல்லாத தாமதமாக இருந்தால், பெரிய நிறுவனங்கள் சேருமிடத்துக்கான தாமதத்தைப் பொறுத்து 3 முதல் 6 மணிக்கு 400, 6 முதல் 9 மணிக்கு 700, அதற்கு மேல் 1,000 கனடா டாலர் தர வேண்டும். போர்டிங் பாஸ் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் கேட்கும்போது அதுதான் ஆதாரம்.

பெட்டி எடையிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. கனடாப் பயணத்துக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்பது பழக்கமான அளவு. ஆனால் மலிவான கட்டண வகைகளில் ஒரே பெட்டி, சிலவற்றில் பெட்டியே இல்லை. டிக்கெட்டில் லக்கேஜ் வரிசையில் "2 பிசி" என்று இருந்தால் இரண்டு பெட்டி. கிலோக் கணக்கு என்று நினைத்து 46 கிலோவை ஒரே பெட்டியில் அடைத்துக்கொண்டு போனால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஒரு பெட்டிக்கு 32 கிலோ உச்சவரம்பு. ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். இடைநிலையத்தில் மறுபடி சோதனை இருப்பதால் கைப்பையில் வைத்த ஊறுகாய்ப் பாட்டில் டொராண்டோ வரை தாக்குப்பிடிப்பது அரிது. உணவுப் பொருள் எதுவானாலும் கனடா கஸ்டம்ஸில் அறிவித்துவிடுங்கள். அறிவித்துவிட்டு ஒன்றைப் பறிகொடுப்பது அபராதத்தைவிட மேல்.

யாருக்கு எது? தனியாகப் போகும் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெற்றோருக்கு ஃபிராங்க்ஃபர்ட், ஒரே டிக்கெட்டில், சக்கர நாற்காலி பதிவோடு, இரண்டரை முதல் நான்கு மணி நேர இடைவெளியில். ஆங்கிலம் பேசத் தயங்குவார்கள் என்றால் டெல்லியையும் யோசிக்கலாம், ஆனால் 15 மணி நேரப் பகுதியை அவர்கள் உடம்பு தாங்குமா என்று முதலில் மருத்துவரைக் கேளுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு துபாய். முதல் முறை போகும் மாணவருக்கு, எந்த வழியில் இரண்டு பெட்டியும் ஒரே டிக்கெட்டும் சேர்ந்து குறைந்த விலையில் வருகிறதோ அது. ஆகஸ்ட் கடைசி வாரங்களில் எல்லா வழியும் நிரம்பிவிடும், விசா கையில் வந்த அன்றே தேடத் தொடங்க வேண்டும். அவசரமாகப் போய்ச் சேர வேண்டியவர்கள், வழி எதுவானாலும், மாறும் நேரம் குறைவாகவும், அந்த நிறுவனத்துக்கே அதே நாளில் டொராண்டோவுக்கு இன்னொரு விமானம் இருக்கும்படியும் பார்த்து எடுக்கட்டும். லண்டனிலிருந்தும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்தும் அப்படி வாய்ப்பு உண்டு. வளைகுடாவில் ஒன்றைத் தவறவிட்டால் பெரும்பாலும் மறுநாள்தான்.

கொழும்பிலிருந்து கிளம்புபவர்களுக்குத் தூரம் சற்றுக் கூடி 14,000 கி.மீ. வரும். ஸ்ரீலங்கன் விமானம் லண்டனுக்கு நேராகப் போகிறது. வளைகுடா வழிகளும் சென்னையைப் போலவே இருக்கின்றன. லண்டனில் மாறும்போது இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் கனடா விசா, நிரந்தர வசிப்பு அட்டை பற்றிய அதே விலக்குதான். ஸ்ரீலங்கன் விமானத்தில் லண்டன் போய் அங்கிருந்து வேறு நிறுவனத்தில் ஏறுவதாக இருந்தால், பணம் கட்டும் முன் இரண்டும் ஒரே முன்பதிவு எண்ணில் வருகின்றனவா, பெட்டி டொராண்டோ வரை நேரே போகுமா என்று இரண்டையும் முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.